அவித்தாலும் போகாத நஞ்சு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் உடல்நலப் பக்கத்தில் கடலுணவு பற்றி வந்த குறிப்பை வாசித்தேன். மீனோ இறாலோ மட்டியோ, புதிதாக வாங்கி, நன்றாக அலசி, கொதிக்கக் கொதிக்க அவித்தால் பயமில்லை என்று முடித்திருந்தீர்கள். கிருமிகளைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் கனடாவில் வெளிவரும் ஒரு பத்திரிகை மட்டியைப் பற்றி எழுதும்போது 1987ஆம் ஆண்டை விட்டுவிடக் கூடாது. நன்றாக அவித்த மட்டியைச் சாப்பிட்டவர்கள்தான் அந்த வருடம் இந்த நாட்டில் ஞாபகசக்தியை இழந்தார்கள். சிலர் உயிரையே இழந்தார்கள்.

அப்போது நான் மொன்றியலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் வந்து இறங்கிய நம்மவர் பலருக்கும் அதுதான் முதல் வேலை. மட்டியும் உருளைக்கிழங்குப் பொரியலும் அந்த நாட்களில் இங்கே நல்ல ஓட்டம். பிரின்ஸ் எட்வேர்ட் தீவிலிருந்து சாக்குச் சாக்காக வரும். கோப்பை குறைந்த நேரத்தில் அதைத் துப்புரவாக்குவதும் எங்கள் தலையில்தான். ஓட்டின் விளிம்பில் தொங்கும் நாரைக் கத்தி முதுகோடு சேர்த்துப் பிடித்து ஒரே இழுவையில் எடுக்க வேண்டும். வாய் பிளந்து கிடப்பதை மேசை ஓரத்தில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். மெல்ல மெல்ல மூடினால் உயிர் இருக்கிறது, சட்டிக்குப் போகலாம். மூடாவிட்டால் குப்பைக்கு. அவித்த பிறகும் வாய் திறக்காமல் இருந்தால் அதுவும் குப்பைக்கு. இதற்கு மேல் மணந்து பார்ப்பது. ஒரு சமையலறைக்குத் தெரிந்த சோதனை இவ்வளவுதான், இன்றைக்கும் இவ்வளவுதான்.

டிசம்பரில் ஒரு பின்னேரம் வேலைக்குப் போனால், குளிர் அறையில் கிடந்த மட்டிச் சாக்கு அத்தனையையும் பின்பக்கம் கொண்டுபோய்ப் போடச் சொன்னார்கள். வானொலியில் அறிவித்துவிட்டார்களாம். என்னோடு வேலை செய்த அண்ணை ஒருவர், குருநகர்க்காரர், ஒரு சாக்கை அவிழ்த்து இரண்டு மூன்றை எடுத்துத் தட்டிப் பார்த்தார். "தம்பி, எல்லாம் உயிரோட கிடக்கு. ஒரு மணமும் இல்லை. அவிச்சா என்ன வரப்போகுது?" என்றார். வீட்டுக்குக் கொண்டுபோகும் எண்ணம் அவருக்கு. அதற்குள் செஃப் வந்து சாக்குகளின் மேல் ஜவெல் தண்ணியை, அதாவது துணி வெளுக்கும் மருந்தை, ஊற்றிவிட்டார், ஒருவரும் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்று. அண்ணைக்குக் கனநாள் அந்தக் கோபம் ஆறவில்லை.

மட்டியைப் பற்றி அண்ணை சொன்னது அத்தனையும் உண்மை. அவை உயிரோடுதான் இருந்தன, நல்ல மட்டிதான். அந்த நஞ்சு மட்டியை ஒன்றும் செய்யாது. செத்த மட்டியைக் கண்டுபிடிக்கத்தான் எங்கள் தட்டும் மணமும். உயிரோடு இருக்கும் மட்டிக்குள் இருப்பதை அவை எப்படிக் காட்டும்?

நடந்தது இதுதான். 1987 நவம்பர் கடைசியில் மொன்றியல் வைத்தியசாலைகளுக்குச் சிலர் வந்தார்கள். சத்தி, வயிற்றுவலி, வயிற்றோட்டம். இதைச் சாதாரணமாக உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டிருப்பார்கள். ஆனால் ஓரிரு நாளில் சிலருக்குத் தாங்க முடியாத தலையிடி வந்தது, தடுமாற்றம் வந்தது, வலிப்பு வந்தது. அப்புறம் மறதி. கணக்கெடுத்தபோது 107 பேர். அவர்களில் நாலில் ஒருவருக்கு ஞாபகசக்தி பாதிக்கப்பட்டிருந்தது. 19 பேரை வைத்தியசாலையில் அனுமதித்தார்கள், 12 பேருக்குத் தீவிர சிகிச்சை தேவைப்பட்டது. மூன்று பேர் இறந்தார்கள். தப்பியவர்களில் சிலரின் நிலை விசித்திரமானது. பேச்சு ஒழுங்காக இருந்தது, அறிவு மங்கவில்லை. புதிதாக எதுவும் மனதில் தங்கவில்லை, அவ்வளவுதான். ஒருசிலருக்கு நோய்க்கு முந்தைய சில வருடங்களும் சேர்ந்து அழிந்துபோயின.

எல்லோரும் சாப்பிட்டது பிரின்ஸ் எட்வேர்ட் தீவின் கிழக்கே, கார்டிகன் பக்கத்துக் கழிமுகத்தில் வளர்த்த நீல மட்டி. மட்டியில் கைகாலை முடக்கும் நஞ்சு ஒன்று ஏறுவது முன்பே தெரிந்த விஷயம். அதைப் பரிசோதிக்க, மட்டிச் சாற்றை வெள்ளெலிக்கு ஊசியால் ஏற்றிப் பார்ப்பார்கள். இந்தத் தடவையும் ஏற்றினார்கள். எலிகள் முடங்கிச் சாகவில்லை. பின்னங்காலைத் தூக்கித் தோளைச் சொறியத் தொடங்கின. ஒரு பக்கம், அப்புறம் மற்றப் பக்கம், விடாமல் சொறிந்து, பிறகு வலிப்பு வந்து செத்தன. அந்தச் சொறிவை வைத்துத்தான் இது வேறு சரக்கு என்று பிடித்தார்கள். ஹலிஃபாக்ஸில் இருந்த தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வுகூடத்தில் இரவு பகலாக இருந்து, சாற்றைப் பிரித்து, எந்தப் பங்கு எலியைக் கொல்கிறது என்று பார்த்து, அதைத் திரும்பவும் பிரித்து, ஐந்து நாள் அளவில் ஆளைப் பிடித்துவிட்டார்கள். டொமோயிக் அமிலம். இவ்வளவு வேகமாக நடந்த வேலையைப் பற்றி நம்மவர் பத்திரிகை எதிலும் நான் வாசித்ததில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த அமிலம் ஒன்றும் புதிய பொருள் இல்லை. ஜப்பானின் தெற்கே டொக்குனோஷிமா என்ற தீவில் ஒரு சிவப்புக் கடற்பாசியைப் பூச்சி மருந்தாகக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. 1958இல் அந்தப் பாசியிலிருந்துதான் இதை முதலில் பிரித்தெடுத்தார்கள். கொஞ்சமாகப் போனால் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து. கார்டிகன் மட்டியிலோ கிலோவுக்கு 900 மில்லிகிராம் வரை இருந்தது. இன்றைக்குச் சட்டப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டினால் விற்க முடியாது.

மட்டி இதைத் தானாக உண்டாக்குவதில்லை. சூடோநிற்சியா என்ற, கண்ணுக்குத் தெரியாத ஊசி வடிவப் பாசி ஒன்று கடலில் இருக்கிறது. அதில் சில இனங்கள் இந்த அமிலத்தை உண்டாக்கும். அந்தப் பாசி பெருகும் நாட்களில், கடல் நீரை வடித்தே வயிறு நிரப்பும் மட்டியின் உடலில் நஞ்சு சேரும். நம் மூளைக் கலங்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறப் பயன்படும் குளூட்டமேற் என்ற பொருளைப் போலவே இதுவும் இருப்பதால், கலங்கள் ஏமாந்து, ஓயாமல் தூண்டப்பட்டே செத்துப்போகின்றன. அதிகம் அடிபடுவது மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி. புதிய ஞாபகங்கள் உருவாகும் இடம் அதுதான்.

இனி உங்கள் குறிப்புக்கு வருகிறேன். அவித்தால் இந்த அமிலம் அழியாது. பொரித்தாலும் அழியாது, உறையவைத்தாலும் அழியாது. மணமில்லை, ருசியில்லை. அவிக்கும்போது கொஞ்சம் தண்ணீரில் இறங்கும். அதனால்தான் நஞ்சு ஏறிய காலங்களில் நண்டு சாப்பிடுவோருக்குக் கலிபோர்ணியச் சுகாதாரத் துறை சொல்லும் புத்திமதி, குடல் பகுதியை எடுத்து எறியுங்கள், அவித்த தண்ணீரை ஊற்றிவிடுங்கள், சூப்புக்கு எடுக்காதீர்கள் என்பது. வெள்ளைக்காரர் வீட்டுக்கு இது சரி. நம்முடைய ஒடியல் கூழை நினைத்துப் பாருங்கள். நண்டை உடைத்து அப்படியே பானையில் போட்டு, அது அவிந்த தண்ணீரையே கடைசிச் சொட்டு வரை பிலாவிலையில் ஊற்றிக் குடிக்கிறோம். நண்டுக் குழம்பிலும் ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சளை வழித்தெடுத்துக் குழம்போடு சேர்த்தால்தான் நமக்குத் திருப்தி. ஆங்கிலத்தில் வரும் அறிவுரையைத் தமிழில் போடும்போது நம் அடுப்படியையும் கணக்கில் எடுக்க வேண்டாமா?

இன்னொன்று. 1987இல் மோசமாகப் பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் வயது போனவர்களும், சிறுநீரகம் பழுதானவர்களும். இந்த அமிலத்தை உடம்பிலிருந்து வெளியேற்றுவது சிறுநீரகம். சலரோகமும் அதனால் வரும் சிறுநீரகக் கோளாறும் நம் சமூகத்தில் எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கத்தைத் தயாரிப்பவர்கள் நீங்கள்.

பாதிக்கப்பட்டவர்களில் 84 வயது ஆண் ஒருவரைப் பற்றி மருத்துவ ஏட்டில் வந்திருக்கிறது. மட்டி சாப்பிட்டு, வலிப்பு வந்து, மயக்கத்தில் கிடந்து, தேறினார். மறதி மட்டும் போகாமல் தங்கிவிட்டது. ஒரு வருடம் கழித்து, எல்லாம் ஓய்ந்தது என்று நினைத்திருந்தபோது, காக்கை வலிப்பு தொடங்கியது. படம் எடுத்துப் பார்த்தபோது ஹிப்போகாம்பஸ் இரண்டு பக்கமும் சுருங்கியிருந்தது. மூன்று வருடத்துக்கு மேல் இருந்து நிமோனியாவில் இறந்தார்.

அவருக்கு நடந்த அதே கதை இன்றைக்குக் கலிபோர்ணியக் கரையில் கடற்சிங்கங்களுக்கு நடக்கிறது. எனக்கு இதில் ஆர்வம் வந்ததே அந்த விலங்குகளால்தான். 1998 மே, ஜூன் மாதங்களில் மத்திய கலிபோர்ணியக் கரையில் 400க்கும் மேற்பட்ட கடற்சிங்கங்கள் செத்தன. தலையை அங்கும் இங்கும் ஆட்டிக்கொண்டு, வலிப்பு வந்து மணலில் புரண்டு செத்தன. வயிற்றில் குட்டி இருந்தவற்றுக்குக் குட்டியும் போனது. கவனியுங்கள், அதே நாட்களில் அதே கடலில் எடுத்த மட்டியைச் சோதித்தபோது நஞ்சு ஏறக்குறைய இல்லவே இல்லை. நஞ்சு இருந்தது நெத்தலியில். பாசியை நெத்தலி தின்றது, நெத்தலியைக் கடற்சிங்கம் தின்றது. மட்டியை மட்டும் பார்த்திருந்தால் கடல் சுத்தம் என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். அதற்கு முன் 1991இல் மொன்ரறே வளைகுடாவில் கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் செத்ததும் நெத்தலி தின்றுதான். 1961 ஆகஸ்டில் அதே வளைகுடாவின் கரையில் கபிட்டோலா என்ற ஊரில், ஓர் இரவு முழுக்கக் கடற்பறவைகள் வீடுகளிலும் விளக்குக் கம்பங்களிலும் மோதி விழுந்தன. அந்த வருடம் கடலில் அள்ளிப் பாதுகாத்து வைத்திருந்த, பாசி தின்னும் சின்னஞ்சிறு மிதவை விலங்குகளின் குடலை அரை நூற்றாண்டு கழித்துப் பார்த்தார்கள். உள்ளே இந்த ஊசிப் பாசிதான் நிறைய இருந்தது.

சாகாமல் தப்பும் கடற்சிங்கங்களின் கதை இன்னும் மோசம். சான் பிரான்சிஸ்கோவுக்கு அப்பால் சொசலிற்றோவில் கடல் விலங்குகளுக்கென்று ஒரு வைத்தியசாலை இருக்கிறது. அங்கே வந்த 30 விலங்குகளை வைத்துச் செய்த ஆய்வு 2015இல் வெளியானது. மூளையைப் படம் எடுத்தார்கள், பிறகு மீனை ஒரு பக்கம் வைத்து, அடுத்த தடவை மறுபக்கம் வைத்து, எங்கே இருந்தது என்று ஞாபகம் வைத்திருக்கிறதா என்று பார்த்தார்கள். ஹிப்போகாம்பஸ் பழுதான விலங்குகள் தடுமாறின. நடுக்கடலில் மீன் எங்கே கிடைக்கும், கரை எந்தப் பக்கம் என்பதை ஞாபகம் வைத்துப் பிழைக்கும் விலங்கு அது. மறதி வந்தால் பட்டினிதான். இப்படி வலிப்பு நோயோடு அலைந்த குரோநட் என்ற ஆண் கடற்சிங்கத்துக்கு 2020இல் பன்றியின் மூளைக் கலங்களை வைத்துச் சத்திரசிகிச்சை செய்தார்கள், வலிப்பு நின்றது. ஒன்றுக்குச் செய்யலாம். 2025 வசந்தத்தில் தென் கலிபோர்ணியாவில் நூற்றுக்கணக்கில் கரை ஒதுங்கின, கூடவே டொல்பின்களும். சில கடற்சிங்கங்கள் நீந்துபவர்களையும் அலைச்சறுக்குபவர்களையும் கடித்த செய்தியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவற்றைக் கொலைவெறி மிருகம் என்று எழுதியவர்கள் உண்டு. வலிப்பும் தடுமாற்றமுமாக, பக்கத்தில் அசைவது எது என்று தெரியாமல் வாய் வைத்த நோயாளி அது.

நம் கரையோரங்களில் கடலாமை தின்ற காலத்தில், ஈரலை எடுத்துக் காகத்துக்குப் போடுவார்களாம். காகம் தொட்டால் இறைச்சி நல்லது, தொடாவிட்டால் நஞ்சு. இலங்கை மீனவரின் இந்த வழக்கத்தை பி.இ.பி. தெரணியகல எழுதிவைத்திருக்கிறார். காகத்துக்காவது தின்னாமல் போகும் புத்தி இருந்தது. இந்த நஞ்சுக்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை என்பதால் கூழைக்கடாவுக்கும் கடற்சிங்கத்துக்கும் அந்தத் தெரிவு கிடையாது. கரையில் அவை புரளத் தொடங்கிய பிறகுதான் நாம் தண்ணீரைச் சோதிக்க ஓடுகிறோம்.

கடல் சூடானால் இது கூடுமா என்று கேட்டால், 2015ஐப் பாருங்கள். பசிபிக் வழக்கத்துக்கு மாறாகச் சூடாக இருந்த வருடம். மேற்குக் கரை நெடுக இந்தப் பாசி பெருகியது. கலிபோர்ணியாவில் நவம்பரில் தொடங்க வேண்டிய பெரிய நண்டுப் பருவம் 2016 மார்ச் கடைசி வரை தள்ளிப்போனது. நண்டுப் படகுக்காரருக்கு நத்தாரும் இல்லை, புதுவருடமும் இல்லை.

சட்டம் சொல்லும் 20 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் முழுப் பாதுகாப்பா என்பதிலும் இப்போது கேள்வி இருக்கிறது. வாஷிங்டன் மாநிலக் கரையில் வாழும் பூர்வகுடியினர் ரேசர் மட்டி என்ற நீள மட்டியைத் தலைமுறை தலைமுறையாகத் தோண்டிச் சாப்பிடுகிறார்கள். மேரிலாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர்களை வருடக்கணக்காகத் தொடர்ந்து கவனித்தார்கள். மாதத்துக்கு 15க்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு அன்றாட ஞாபகத்தில் சிறு குறைவு தெரிந்தது. மட்டி அத்தனையும் சட்ட அளவுக்கு உட்பட்டவை. கர்ப்பிணிகள், பிள்ளைகள், முதியவர்கள் அளவோடு சாப்பிடுங்கள் என்று அந்த மாநிலச் சுகாதாரத் துறை சொல்லிவைத்திருக்கிறது.

இதை வாசித்துவிட்டு ஒருவரும் கடையில் மட்டி வாங்குவதை நிறுத்தத் தேவையில்லை. நான் இன்றைக்கும் வாங்குகிறேன். 1987க்குப் பிறகு கனடாவில் மட்டி வளர்க்கும் இடங்களில் தொடர்ந்து மாதிரி எடுத்துச் சோதிக்கிறார்கள். அளவு கூடினால் அந்த இடத்தை மூடிவிடுவார்கள். கனடாவின் வளர்ப்பு மட்டியில் ஏறக்குறைய 80 வீதம் இப்போதும் பிரின்ஸ் எட்வேர்ட் தீவில் இருந்துதான் வருகிறது. பையில் ஒரு அட்டை இருக்கும். எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது, யார் பொதி செய்தது என்று அதில் போட்டிருக்கும். அது இல்லாத மட்டியை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம்.

என் பயமெல்லாம் தாங்களே தோண்டி எடுப்பவர்களைப் பற்றித்தான். என் மகளின் குடும்பம் வன்கூவர் தீவில் இருக்கிறது. போன கோடையில் நானும் போயிருந்தேன். சம்பந்தியார் ஊர்காவற்றுறைக்காரர். நீர் வற்றியதும் வாளியும் கையுமாக இறங்கிவிட்டார். "கடையில வாறது ஐஸில செத்தது. இது பாருங்கோ, தண்ணி பீச்சுது" என்கிறார். பத்தடி தள்ளி ஒரு பலகை நிற்கிறது, மட்டி எடுக்கத் தடை என்று ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும். அவர் அதை வாகனம் நிறுத்தும் அறிவித்தல் என்று நினைத்திருக்கிறார். மகள் தொலைபேசியில் மீன்வளத் திணைக்களத்தின் வரைபடத்தைத் திறந்து காட்டினாள். அந்தக் கரை முழுக்கச் சிவப்பு. அங்கே மூடியிருந்தது கைகால் முடக்கும் மற்ற நஞ்சுக்காக. அதுவும் அவித்தால் போகாத சாதிதான். 1981இல் தமிழ்நாட்டுக் கரையோரத்தில் மட்டி சாப்பிட்டு 85 பேர் வைத்தியசாலைக்குப் போய் மூன்று பேர் இறந்ததும், 1997இல் கேரளத்து விழிஞ்ஞத்தில் ஏழு பேர் இறந்ததும் அதனால்தான். சம்பந்தியார் வாளியைக் கவிழ்த்தார், ஆனால் முகத்தை நீட்டிக்கொண்டுதான் கவிழ்த்தார். நஞ்சுள்ள பேத்தை மீன் எது என்று ஊரில் அவருக்கு ஒரு பலகையும் சொல்லித் தரவில்லை, அப்பா சொல்லித் தந்தார். இந்தக் கடலைப் பற்றி அவருக்கு யார் சொல்வது?

ஆகவே உங்களிடம் கேட்பது இது. அந்தக் குறிப்புக்கு அடுத்த இதழிலேயே ஒரு திருத்தம் போடுங்கள். மே மாத நீண்ட வார இறுதிக்கு முன், ஆட்கள் கடற்கரைக்குக் கிளம்பும் நேரத்தில், கால் பக்கம் ஒதுக்கி அந்தத் தடைப் பலகையின் படத்தைப் போட்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் எழுதுங்கள். மட்டி எடுக்க அனுமதிச் சீட்டு வேண்டும் என்பதையும், இறங்குவதற்கு முன் அன்றைய தினமே வரைபடத்தைப் பார்க்க வேண்டும் என்பதையும், பிள்ளைகளிடம் கேட்டால் அவர்கள் பார்த்துச் சொல்வார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மட்டி சாப்பிட்டபின் சத்தியோடு தடுமாற்றமோ மறதியோ கண்டால் படுத்துக் கிடக்காமல் அவசர சிகிச்சைக்குப் போய், என்ன சாப்பிட்டது, எங்கே எடுத்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள். வாளி தூக்குபவர்கள் என் வயதுக்காரர்கள்.

இப்படிக்கு,
முன்னாள் சமையலறைத் தொழிலாளி ஒருவர்,
கோட்-டெ-நேஜ், மொன்றியல்.